சுவருக்கு இந்தப் பக்கம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன் நான்.
எனக்கும் இசைக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.

அந்தப் பக்கம் பொக்னா.
பகலில் பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறாள்.
இரவில் கணினி அவளுக்கு
நான்கு கட்டங்கள் வாசிக்கிறது.
பிறகு அமைதி. பென்சில் உரசும் நேரம்.
பிறகு ஒரு ‘டொக்’.
சரியென்றால் சின்ன மணி அடிக்குமாம்;
க்தீனியாவின் ஜனவரி முழுக்க
எனக்குக் கேட்டது
டொக். டொக். டொக்.

சண்டை போடத்தான் போனேன்,
ஒரு காலில் செருப்போடு.
கதவைத் திறந்தவள் திரையைக் காட்டினாள்:
ஐந்து கோடுகள், பயிற்சி எண் 212.
முதல் கட்டம் நிரம்பியிருந்தது, இரண்டாவதும்.
நான்காவதின் கடைசிச் சுரம்கூட வந்து உட்கார்ந்திருந்தது.
மூன்றாவது மட்டும்
பல் பிடுங்கிய இடம்.

“குனிந்து ஒன்றைப் பொறுக்கினால்
மடியில் இருப்பது கொட்டிவிடுகிறது,” என்றாள்.
ஜூனில் தேர்வு. அவளுக்கு முப்பத்தொன்பது வயது.
அங்கே நான்கே முறைதான் வாசிப்பார்கள்.
இதுவோ கேட்டபோதெல்லாம் வாசிக்கிறது,
அலுக்காமல், மூச்சுகூட விடாமல்.
“அதுதான் என்னைக் கெடுக்கிறதோ என்னவோ.”

திட்ட வந்த சொற்கள் எங்கேயோ போய்விட்டன.
என் கதவுக்குத் திரும்பி
சாவியைத் துழாவும்போது
வாய் தானாகச் சீழ்க்கை அடித்தது:
முதல் கட்டம், இரண்டாவது,
மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி,
ஒரு படியைத் தாண்டி இறங்குகிற
அந்த மூன்றாவது.

“இன்னொரு தடவை!” என்று
தாழ்வாரமே அதிரக் கத்தினாள்.

டோ தெரியாது, ரே தெரியாது எனக்கு.
பத்தொன்பது இரவுகள் தலையணையால் காதைப் பொத்தியவன்.
நான் எதையும் பிடிக்கப் போகவில்லை,
அதுதான் என்னைப் பிடித்திருக்கிறது.

“எப்படி?” என்றாள், குற்றவாளியைக் கேட்பதுபோல.
எனக்கென்ன தெரியும்?
கீழிருந்து வானொலியில்
பதினான்கு, ஆறு, மூன்று என்பார்கள்.
எண்ணாக வைத்துக்கொண்டால் காற்று அடித்துப் போய்விடும்;
நான் அதை இடமாக வைத்துக்கொள்வேன்,
நீலப் பெட்டிக்குப் பின்னால், மேலிருந்து இரண்டாவது என்று.
இதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

மறுவாரம்
பென்சிலைச் சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டாள்.
பியானோ நின்ற பிறகு இப்போது
பதினோரு காலடி,
இழுப்பறை கிரீச்சிடும் சத்தம்,
திரும்ப பதினோரு காலடி.
வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடப்பவள்போல
ராகம் சிந்தாமல் வருகிறாள்.
டொக் இன்னும் உண்டு.
நடுநடுவே மணியும்.
முதல் மணி கேட்ட இரவு
கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி முடிவில்
எனக்காக ஹெட்போன் வாங்கினாள்.
நல்ல பெண். நன்றி சொன்னேன்.

இப்போது பயிற்சி 240 ஆக இருக்கலாம், 260 ஆகவும் இருக்கலாம்.
பியானோ எனக்கு இல்லை.
காலடிகள் மட்டும்தான்.
ஆனால் நடையிலேயே தெரிகிறது,
எங்கே வேகம், எங்கே கனம்,
எந்தக் கட்டம் அவளிடம் இன்னும் முழுசாக இருக்கிறது என்பது.

நேற்று எட்டாவது அடியில்
நின்றுவிட்டாள்.

சுவரில் காதை வைத்து
நானும் நின்றேன்,
எனக்குத் தெரியாத எதையோ
மறந்துவிடாமல்.