கோதுமைமாப் பசை

மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும்.
கொதிநீரில் நேரே கொட்டினால் கட்டி விழும்.
மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டால் பூச்சி அண்டாது,
இந்த ஊரில் மட்டும் போடக்கூடாது.
மான் நக்கும்.

பத்தொன்பது வருசம்
குலநாயகி அக்காவின் முகத்தை இப்படித்தான் ஒட்டினேன்,
ஏகாம்பரம் வீதியில், உவர்மலை இறக்கத்தில், பஸ் நிலையச் சுவரில்.
விடியுமுன் கோட்டைப் பக்கமிருந்து அவை வரும்.
பசைக்காகக் கிழிக்கும்.
கன்னம் போய், நெற்றி போய்,
கட்சியின் பெயரில் பாதி மிஞ்சும்.
மூன்று தேர்தல்.
அவ தோற்றது மான்களால் அல்ல.

நேற்று நகரமண்டபத்தில் தலைவர் தெரிவு.
எண்பத்துமூன்று பேர். மின்விசிறி நான்கு, சுற்றியது இரண்டு.
வினோதரன் முதலில் எழும்பினார்.
கையில் ஒரு தாள், தாளில் இலக்கங்கள் மட்டும்.
"போனமுறை ஆயிரத்து எழுநூறு வாக்கால கதிரை போச்சு.
கிண்ணியாவில எனக்குத் தேத்தண்ணி ஊத்த ஆக்கள் இருக்கு.
கந்தளாயில சிங்களத்தில பேசிக்
கைதட்டு வாங்கின ஆள் இந்த மண்டபத்தில வேற ஆர்?
முதல்ல கதிரை. பிறகு காணி.
கதிரை இல்லாதவன்ட கடிதத்தைக்
கச்சேரியில பியோன்கூடப் பிரிக்கமாட்டான்."

பொய்யில்லை.
அந்தக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அக்கா தாள் கொண்டுவரவில்லை.
"விஞ்ஞாபனத்தில ஏழாம் பக்கத்த
ஏன் எடுத்தது எண்டு தம்பி சொல்லட்டும்."
ஏழாம் பக்கத்தில்தான்
வேலிக்குள் கிடக்கும் வயல்கள் இருந்தன,
ஊர் ஊராக, கிணறுகளும் எண்ணப்பட்டு.
"எடுக்கல்ல அக்கா. பின்னிணைப்பில போட்டிருக்கு."
"பின்னிணைப்பு எங்க?"
"அச்சில."
கொஞ்சப்பேர் சிரித்தார்கள். நானும்தான்.
சிரிப்பு அடங்கும்வரை நின்றா.
"தோக்கிறது எனக்கும் பழகல்ல" என்றா,
இருந்துவிட்டா.

பெட்டிக்கு முன்னால் வரிசை.
தெய்வமலருக்கு வேலிக்குள் மூன்று ஏக்கர்.
அக்காவுக்குத்தான் போடுவா என்று நினைத்திருந்தேன்.
காதுக்குள் சொன்னா:
"வினோதரனுக்குத்தான். நல்ல ஆக்களோட நிண்டு
நிண்டு என்ட கால் வீங்கிப்போச்சு."
கொந்தராத்து யோகநாதன் அக்காவுக்குப் போட்டான்.
கட்சி தோற்கும்வரை
அவன் போட்ட றோட்டை ஒருவரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள்.
இப்படி ஒரு வரிசையில்
கொள்கை எது, கணக்கு எது என்று
பிரித்துத் தாருங்கள், பார்ப்போம்.

நான் யாருக்குப் போட்டேன் என்றால்
வெல்லக்கூடியவருக்கு.
கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம்.

எண்ணியதும் நான்.
நாற்பத்தைந்து. முப்பத்தேழு.
ஒன்று செல்லாது:
இரண்டு பெயருக்கும் புள்ளடி இல்லை,
மூலையில் சின்னதாக, ஏழாம் பக்கம் என்று மட்டும்.
அந்த ழகரத்தின் வால் எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருசத் துண்டுப்பிரசுரங்களில்
வரியைத் தாண்டிக் கீழே இறங்கும் வால்.
தன் பெயருக்கு நேரே
அவ ஒரு புள்ளடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.
காகித உறையில் போட்டேன், அரக்கு வைத்தேன்,
"நிராகரிக்கப்பட்டது, 1" என்று
என் வடிவான கையெழுத்தில் எழுதினேன்.

இன்று பிளெக்ஸ் வந்து இறங்கியது.
மூன்று மொழி. ஒரே சிரிப்பு.
பசை வேண்டாம், கயிறு போதும்.
பஸ் நிலையத்தடியில் ஏணியில் நிற்கிறேன்,
ஒரு கிளைமான் வந்து
புதுத் தலைவரின் தாடையை நக்கிப் பார்க்கிறது.
ருசியில்லை.
போகவும் இல்லை.

போன் அடிக்கிறது. அக்கா.
"கீழ்க்கயிற இறுக்கிக் கட்டு,
கச்சான் தொடங்கிட்டு, கிழிச்சுப்போடும்."
சரியக்கா.
"ஏழாம் பக்கம் ஒரு பிரதி உன்னட்ட இருக்கோ?"

இருக்கு என்றேன்.
இனித்தான் தேட வேண்டும்.