பிடுங்கிப் பார்க்கிறவள்

வடக்கே தவறணை என்றால் கள்ளுக்கடையாம்.
அக்கரப்பத்தனையில் எங்களுக்கு
அது கன்று வளர்க்கிற இடம்.
தும்புப் பாய்க் கூரைக்குக் கீழே
கறுப்புப் பொலித்தீன் பைகள், எண்ணினால் நாலாயிரம்.
ஒவ்வொன்றிலும் ஓர் இலை, ஒரு கணு,
சுண்டுவிரல் நீளத் தண்டு,
அடியில் சாய்வாக ஒரு வெட்டு.
வேர் என்று எதுவும் இல்லை.

என் வேலை இது.
வெள்ளிதோறும் வரிசைக்குப் பத்து பிடுங்குவேன்.
மண் கழுவுவேன். அடிமட்டம் வைப்பேன்.
கொப்பியில் எழுதுவேன்.
அளந்து முடித்ததைக் குப்பைக் கூடையில் போடுவேன்.
கொப்பியை அல்ல,
கன்றை.

இலைக் கக்கத்தில் உறங்கும் மொட்டு
கண் திறந்ததும் ஆக்சின் இறங்கத் தொடங்கும்.
ஒரு கலத்தின் அடிக்கதவால் வெளியேறி
அடுத்ததின் தலைமாட்டில் நுழைந்து
மணிக்கு ஒரு சென்ரிமீற்றர்,
பங்களா ரோட்டில் விறகுக் கட்டோடு ஏறுகிறவளைவிட
எவ்வளவோ மெதுவாக.
வெட்டு வரைக்கும் வரும்.
அதற்குமேல் போக இடமில்லை, தேங்கும்.
பாதை அறுந்து தேங்கிய அந்த இடத்தில்தான்
சில கலங்கள் கூடி
வேராவது என்று முடிவெடுக்கும்.

மூன்றாம் வரிசையில் துரை அவசரப்பட்டார்.
டப்பாவில் போட்டிருந்ததைவிட மூன்று மடங்கு
வெள்ளைத் தூளில் தோய்த்து நட்டோம்.
எட்டாம் வாரம் இழுத்துப் பார்த்தால்
அடியில் சோளப்பொரி மாதிரிக் கட்டி.
கட்டி, கட்டி, பத்திலும் கட்டி.
நூல் கனத்துக்குக்கூட ஒரு வேர் இல்லை.
மரியபாக்கியம் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"சம்பளம் முழுக்க அட்வான்சா குடுத்தா
எவன் வேலைக்கு வருவான்?"

தண்டை நீட்டுகிற அதே பொருள்
வேரைத் தயங்க வைக்கிறது.
சாய்ந்து விழுந்த பைகளில் பார்த்திருக்கிறேன்.
வேர்நுனிக்குள் மாமணிகள் உருண்டு கீழே படியும்,
ஆக்சின் அடிப்பக்கம் சேரும்,
அடிப்பக்கம் தயங்கும், மேல்பக்கம் நீளும்,
வேர் குனியும்.
மண்ணைத் தேடுகிறது என்கிறோம்.
ஒரு பக்கம் தயங்கியது, அவ்வளவுதான்.

பேராதனையிலிருந்து வந்த ஆய்வு மாணவன் ஒருநாள்
பைகளுக்கு நடுவே நின்று
"உங்கள் சனத்தையும் இப்படித்தானே
வேரில்லாமல் கொண்டுவந்து நட்டார்கள்" என்றான்.
நல்ல பிள்ளை. கண்கூடக் கலங்கியிருந்தது.
"தம்பி, இது தேயிலை" என்றேன்.
"பொழுது சாய்வதற்குள் நாற்பது அளக்கணும்.
இல்லாட்டி அரைப்பேர்."

பன்னிரண்டாம் வாரம்.
நான்காம் வரிசை, தூள் படாத வரிசை,
வெறும் தண்ணீர் குடித்தது.
ஏழாவதைக் கழுவினேன்.
ஐந்து வேர்.
ஒன்று மட்டும் ஒரு கூழாங்கல்லில் மோதியிருந்தது.
மோதிய இடத்தில் தடித்திருந்தது,
அங்கே எதிலீன் கூடியிருக்கும்.
பிறகு கல்லை ஒட்டியே நடந்து
விளிம்பு தாண்டியதும்
மறுபடி நேராகக் கீழே.
அடிமட்டத்துக்கு வளைவு தெரியாது.
பாவாடை ஓரத்து நூலைப் பிரித்து
வேரின் மேலேயே வைத்து நடத்தினேன்.
ஏழு தசம் நான்கு.

எழுதினேன்.
கூடையைப் பார்த்தேன்.
வேர் பிடித்ததும் சைட்டோகினின் மேலே ஏறும்,
இங்கே தண்ணீர் உண்டு, நீ துளிர்க்கலாம் என்று
இலைக்குச் சேதி போகும்.
இதற்குப் போயிருந்தது.
கக்கத்தில் பச்சை நெல் அளவுக்கு ஒரு துளிர்.

பீலிக்குப் பின்னால்
கான் கரையில், யாரும் மம்மட்டி போடாத முடுக்கில்
விரலால் குழி எடுத்தேன்.
கல்லையும் சேர்த்தே வைத்தேன்,
அது பழகிய கல்.

கொப்பியில் கடைசிக் கட்டம் 'முடிவு'.
மேலே ஆறு தடவை எழுதியிருந்தேன்: அழிக்கப்பட்டது.
ஏழாவதிலும் அதையே எழுதினேன்,
எழுத்து மாறாமல், மை அழுத்தாமல்.
எட்டாவதைப் பிடுங்கக் குனிந்தபோது
மழை இறங்கியது.
நகக்கண்ணில் இருந்த மண்ணை
நான் கழுவப் போகவில்லை.