கழிவு

பாம்பன் தெற்குவாடியில்
பங்குக் கணக்கு எழுதுகிறவன் நான்.
திருவிழா நன்கொடைப் பட்டியலில்
ஏழு வருடமாய் முதல் பெயர் செர்வாசியூஸ்.
பழகிப்போய் அந்தப் பெயர் மட்டும்
என் கையெழுத்தில் அழகாக விழும்.
ஒன்பதாம் நாள் தேர், பூ, வெடி, பேண்டு செட்
அவர் பொறுப்பு.
பாசிக் கம்பெனியும் அவருடையது.

பத்துக் கிலோ பாசிக்கு இரண்டு கிலோ கழிவு.
மண்ணுக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
இது ஊரறிந்த கழிவு.
ஊரறியாதது தராசுக்குள் இருந்தது.

விடியுமுன் வள்ளமேறி
சிங்கிளித் தீவுக்கு அந்தப் பக்கம்
விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டு கட்டி
மூச்சை அடக்கி முங்குகிற பெண்கள்.
பவுலியம்மாளுக்கு இடது பெருவிரலில் நகமில்லை.
பாறை எடுத்துக்கொண்டது.
அதை எந்தக் கணக்கிலும் நான் எழுதியதில்லை.

புதன்கிழமை அன்பியக் கூட்டம்,
மரியபுஷ்பம் வீட்டு வாசலில்.
அன்றைய வாசகம் எதுவென்று
இப்போது யாருக்கும் நினைவில்லை.
செபமாலையின் மூன்றாம் பத்து மணிக்கு நடுவில்
பனிமேரி திடீரென்று சொன்னாள்:
"பால்வாடியில எம்மவன் பதினோரு கிலோ."
அதற்கென்ன என்றார்கள்.
"நாளைக்குக் காட்டுறேன்."

மறுநாள் கம்பெனிக் கொட்டகையில்
தன் முறை வந்ததும்
பாசியைத் தரையில் கொட்டினாள்.
காலிப் பைக்குள் மகனை உட்காரவைத்து
கொக்கியில் மாட்டினாள்.
ஊஞ்சலென்று அவன் சிரித்தான்.
முள் ஆடி ஆடி
ஒன்பதில் நின்றது.

"பிள்ளையில ஏதுண்ணே கழிவு?
மண்ணா, ஈரமா?"

அன்று மாலையே ஆள் வந்து சொன்னான்:
இந்த வருடம் தேருக்கு முதலாளி காசு கிடையாது.
பங்குப் பேரவை கூடியது.
ஒருவர் கடலைப் பழித்தார், ஒருவர் பெண்களை.
சாமியார் மூக்குக் கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தார்.
நான் நோட்டில் கோடு போட்டேன்,
போட்ட கோட்டின் மேலேயே.

மூன்றாம் நாள் காலைப் பூசை முடிந்து
மறைக்கல்வி அறையின் சாவியைப்
பவுலியம்மாள் கையில் வைத்தார் சாமியார்.
ஒன்றும் சொல்லவில்லை.
"ஏதாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்
அவள் வெளியே வந்து.

தவக்காலத்தில் பிடிபிடியாய்ச் சேர்த்த
அரிசி விற்ற காசில்
ராமநாதபுரத்திலிருந்து தராசு வந்தது.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
சனிக்கிழமைகளில் மதுரை லாரி
நேராகக் கோயில் வாசலுக்கே வருகிறது.

எல்லோரும் வந்துவிடவில்லை.
முன்பணம் வாங்கிய எட்டுப் பேர்
கடன் கழியும்வரை
கொக்கித் தராசில்தான் போடுகிறார்கள்.
எங்கள் வாசலைக் கடக்கும்போது
மூட்டையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள்.
அவர்கள் கடனை எப்படி அடைப்பது என்பதுதான்
நாலு புதனாய்ப் பேச்சு. முடிவில்லை.

தேர் வந்தது, வெடி இல்லாமல்.
நாய்கள் இந்த வருடம் ஓடி ஒளியவில்லை.
முதல் பெயர் யாருடையதென்று கேட்டார்கள்.
அகர வரிசையில் எழுதினேன்.
அமலோற்பவம், ஐம்பது ரூபாய்.
பழகாத பெயர்; எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

இப்போது புதன்தோறும்
செபத்துக்கு முன்னால்
முத்திரை குத்திய ஐந்து கிலோக் கல்லை வைத்து
எங்கள் தராசைச் சோதிக்கிறார்கள்.
நம்முடையதுதானே, எதற்கு என்றேன் ஒருநாள்.
பனிமேரி நிமிர்ந்து பார்த்தாள்.
"உப்புக் காத்து, கணக்கப்பிள்ளை.
யாரு தராசுன்னு அதுக்குத் தெரியுமா?"

கல்லை இறக்கியதும்
அவள் மகன் தானாக ஏறி நிற்கிறான்.
பதினொன்றரை.