பதினோராம் கூடு

கச்சேரிக்கு எதிரே, வாகை நிழலில்
மடக்கு மேசை, முத்திரை, பசைப் போத்தல்.
ஒரு படிவம் நிரப்ப நூற்றைம்பது ரூபாய்.
ஏலம் முடிந்த கையோடு வந்தாள் கலிஸ்ரா,
விரலிடுக்கில் பாரைச் செதில்.

மீன்பிடிக் கூட்டுறவில் நிறுவையாளர் வேலை.
பெயர். பாலையூற்று விலாசம்.
பிறப்புப் பத்திரம் தொலைந்தது, பிரதி உண்டு.
பதினோராம் கூட்டில் பேனை நின்றது:
இயற்கையான திறமை ஏதும் இருப்பின்.

"அப்பிடியெண்டா?"

இருபது வருடமாய் யோசிக்காமல்
நிரப்பி வருகிற கூடு.
கிரிக்கெட். தையல். ஓரளவு சிங்களம்.

"கோயில்ல தாலந்து எண்டு சொல்லுவினம், அதுவோ?"
அதுதான் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதது என் வியாதி:
யவனர் வாயில் அது முதலில் தராசுத் தட்டு,
பிறகு தட்டில் ஏறிய எடை,
பிறகு அந்த எடைக்கு வெள்ளி.
ஒரு கதையின் வழியாகத்தான்
வெள்ளி ஆளுக்குள் இறங்கியது.

"எத்தினை கிலோ?"

முப்பதுக்கும் மேலே.
கையை நீட்டி, வெறுங்காற்றை ஏந்தி
ஒருதரம் தாழ்த்திப் பார்த்தாள்.
"ஒரு பெரிய கெலவல்லா. தூக்கலாம்."

கதையில் அவளுக்கு ஒத்துவராத இடம் ஒன்று:
பயத்தில் மண்ணுக்குள் வைத்தவனை
இருட்டில் தள்ளிவிடுவது.
"தொண்ணூறில நாங்களும் புதைச்சனாங்கள்.
அம்மான்ர காப்பு ரெண்டு,
பெரியப்பான்ர பித்தளைத் தராசு,
தட்டுக் கவிட்டு, சாக்கில சுத்தி.
திரும்பி வந்தா வேலியுமில்லை, வேம்புமில்லை.
எங்க கிண்டுறது?
பயந்தவனையும் ஒருக்கா நிறுத்துப் பாத்திருக்கலாம்."

எனக்கு மறுமொழி வரவில்லை.
திறமை என்ற சொல்லைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தேன்.
சந்தையில் இவளைப் பார்த்திருக்கிறேன்,
செவுளைப் பெருவிரலால் திறப்பாள்,
உள்ளே செம்பருத்தி.
"திறம்" என்பாள். விலை ஏறும்.
திறந்து பார்த்ததால் திறம்.
எந்த அகராதியும் இதற்குக் கையெழுத்து வைக்காது.
நான் வைக்கிறேன்,
றப்பர் முத்திரையும் இருக்கிறது.

"எழுதுங்கோவன், வெயில் ஏறுது."

தாலந்து என்று எழுதினேன்.
உள்ளே இருக்கிறவருக்கு விளங்காது என்று
கசக்கிப் போட்டேன்.
இரண்டாவது படிவத்தில் அவள் சொன்னபடியே:
கைக்கு எடை தெரியும்.
கூடு சின்னது. கடைசி எழுத்தின் புள்ளி
கோட்டுக்கு வெளியே விழுந்தது.

அவள் போன பிறகு பார்க்கிறேன்,
மதிலோரம் நின்ற தெருமான்
கசங்கிய தாளை எடுத்து
அவசரமேதுமில்லாமல்
யவனச் சொல்லை அசைபோடுகிறது.