மரம் 118

கோபாலபுரம் தாண்டி
தார்ச்சாலை கேரளத்துக்குள் நுழையுமிடத்தில்
ஒரே தோப்பு, பாதி இங்கே, பாதி அங்கே.
நடுவில் வேலி கிடையாது.
ஒரு சர்வே கல், அதன்மேல் காக்கை எச்சம்.

உரம் சுமக்கும் ஆளில்லா வண்டிக்கு
நாங்கள் பேர் வைக்கவில்லை. பதிவேட்டில் அது 'மூன்று'.

எங்கே நிற்கிறாய் என்றால்
முதலில் வானத்தைக் கேட்கும்.
பதினொரு செயற்கைக்கோள்கள் பதில் அனுப்பும்,
ஓலைகள் அதைக் கிழித்துக் கிழித்துத் தரும்.
ஆடிக்காற்று கணவாய் வழியே வந்து
ஒரு மட்டையை விலக்கி மூடினால் போதும்,
நின்ற இடத்திலேயே
இரண்டு மீட்டர் தாவிவிட்டதாக நம்பும் மூன்று.

அப்புறம் சக்கரத்தைக் கேட்கும்.
சக்கரம் பொய் சொல்லாது.
ஆனால் சேற்றில் சும்மா சுழன்றதையும்
நடந்த கணக்கில் சேர்த்துவிடும்.
எனக்கும் அப்படிச் சில வருடங்கள் உண்டு.

கடைசியில் லேசரைச் சுழற்றித்
தொட்டுப் பார்க்கும்.
தொட்டதெல்லாம் தென்னை.
இருபத்தைந்து அடிக்கொன்று, கயிறு பிடித்து நட்டது,
ஒன்றுகூடப் பிசகவில்லை.
பிசகில்லாத இடத்தில்
தொலைந்துபோவது எத்தனை சுலபம்.

திரையில் ஐந்நூறு புள்ளிகள்.
ஒவ்வொன்றும் 'நான் இங்கேதான்' என்கிற ஓர் ஊகம்.
பொருந்தாதது சாகும், பொருந்தியது குட்டி போடும்.
மதியம்வரை செத்தும் பிறந்தும்
இரண்டு கொத்தாக நின்றுவிட்டன:
கல்லுக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று.
என் கைபேசி மட்டும் என்ன?
காலையிலிருந்து நான்கு முறை
கேரளத்துக்கு வரவேற்றுவிட்டது,
நான் டிபன் பாக்ஸோடு அதே மரத்தடியில்.

"நிறுத்தாதே, ரெண்டு மரம் தள்ளிப் போகட்டும்"
என்றாள் சுபைதா,
லேப்டாப்பை வயிற்றில் சாய்த்தபடி.

மூன்று நகர்ந்தது.
முன் கேமராவில் ஒரு மரத்தின் இடுப்பு,
அதில் வெள்ளைப் பெயிண்டில் 118.
கள்ளிறக்க அனுமதித்த மரத்துக்கு
எக்சைஸ்காரர் போட்ட எண்.
இந்தப் பக்கம் கள்ளும் இல்லை, எண்ணும் இல்லை.
எத்தனை என்றுகூடப் படிக்க வேண்டாம்,
எழுதியிருப்பதே போதும்.

கிழக்குக் கொத்து அணைந்தது.
இருநூற்றுச் சொச்சம் 'நான்'கள்,
ஒரு சத்தமும் இல்லை.

மேலேயிருந்து சாத்துக்குட்டி எட்டிப் பார்த்தார்:
"எந்தா, வழி தெற்றியோ?"
"இப்பத்தாண்ணா கெடச்சுது."
அவர் சிரித்ததில் குடம் ஆடியது.
ஒரு சொட்டு விழுந்தது,
நேராக லேசரின் கண்ணாடியில்.

எதிரே தடை, தூரம் பூஜ்யம்
என்று குறித்துக்கொண்டு
மூன்று நின்றுபோனது.

சுபைதா துப்பட்டாவால் துடைத்தாள். இரண்டு முறை.
போகவில்லை அந்த வாசனை.

சாயங்காலம் அறிக்கை எழுதினேன்:
இடப்பிழை நான்கு சென்டிமீட்டர்.
வண்டியைத் துரத்திக்கொண்டே வந்த ஈக்களுக்கு
படிவத்தில் கட்டம் இல்லை.