நான்கு அவுன்ஸ்

துலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, உறைந்ததன் மேல் பனி விழுந்து,
அதன் மேல் ஜனங்கள் நாய்களை நடத்திப்போகிறார்கள்.
எங்கள் பியர்க்கூடம் முன்பு டயர் கடை.
கார் தூக்கும் யந்திரம் நின்ற இடத்தில்
தரையில் இன்னும் நான்கு ஓட்டைகள்.

சிக்னே இந்தக் குளிருக்குக் காய்ச்சியது
கரும்பலகையில் என் கையெழுத்தில் இருக்கிறது:
கறுப்பு ஸ்டௌட். செர்ரி, கோக்கோ, வெனிலா, சுட்ட மார்ஷ்மெல்லோ.
பதினான்கு சதவீதம்.
நான்கு அவுன்ஸுக்கு மேல் கிடையாது.
கீழே யாரோ சேர்த்திருக்கிறார்கள்:
கரண்டி தனியாகக் கேட்டு வாங்கவும்.

மற்ற பியர் ஊற்றும்போது சலசலக்கும்.
இது எஞ்சின் ஆயில் மாதிரி
வாயைத் திறக்காமல் இறங்கும்.
பழுப்பு நுரை ஒரு விரல் உயரம் நின்று பார்த்துவிட்டு
கண்ணாடி ஓரம் வளையமாக ஒதுங்கிவிடும்.

பிரௌனி, என்றார் பல் டாக்டர் ஹால்வர்சன்.
பிரௌனி இல்லை, அது வெந்த தட்டின் ஓரம்,
சுரண்டிச் சாப்பிடுவோமே அது, என்றாள் அவர் மனைவி.
நூலகத்துப் பையன் மூக்கை உள்ளே விட்டு வெகுநேரம் எடுக்கவில்லை.
பிறந்தநாள் மெழுகுவத்தி, என்றான், ஊதி அணைத்த உடனே.
இதெல்லாம் பியரே இல்லை என்று சொன்ன ஆள்
சொல்லிக்கொண்டே இரண்டாவது கேட்டார்.

டெல்மர் க்விஸ்ட் ஏழு மணிக்கு வந்தார்.
பனி வாரும் லாரி ஓட்டுகிறவர்.
ஒன்பது நாள் தொடர்ந்து ஓட்டி, இன்று விடுப்பு.
எனக்கு வாசனை வராதே, தெரியுமில்ல?
இரண்டு வருஷம் முன்னே ஒரு காய்ச்சல்; அதோடு போச்சு.
காப்பி வெந்நீராம். பால் கெட்டதை
பூனை விலகுவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாராம்.
அப்புறம் ஏன் இதற்குப் போய் ஒன்பது டாலர், என்றேன்.
பாக்கி என்ன இருக்குன்னு பார்க்கலாமே.

ஒரு வாய்.
பியரை நாக்கில் நிறுத்திவைத்துக்கொண்டு
சுவரைப் பார்த்தார்.
இனிப்பு, என்றார்.
அப்புறம் கசப்பு, பின்னாடி, கதவுக்கிட்ட நிக்கற மாதிரி.
உதட்டில் பிசுக்கு. நெஞ்சில் சூடு.
அப்புறம்
உப்பு போட்டிருக்கீங்க.

பலகையில் உப்பு இல்லை. சிரித்துவிட்டேன்.
பின்னாலிருந்து ஈர பூட்ஸோடு சிக்னே வந்தாள்:
எவன் சொன்னது?
எண்ணூறு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ.
என்னிடம்கூடச் சொல்லவில்லை அவள்.

குளிர்காலம் பூரா ரோட்டில் அதைத்தானே கொட்டறேன்,
என்றார் டெல்மர். பெருமையாக இல்லை.
சாட்சி சொல்கிற மாதிரி.

எட்டேகாலுக்கு அவர் போன் மரத்தில் அதிர்ந்தது.
ஏரிக் காற்று திரும்பிவிட்டதாம், எதிர்பாராத பனியாம்.
ஒரு வாய் குடிச்சிட்டேன், என்றார் போனிடம்.
ஆமா, ஒண்ணே ஒண்ணு. ஆமா, ஸ்ட்ராங்குதான்.
வேற ஆளைப் பாருங்க.

அதன் பிறகு கோப்பையைத் தொடவில்லை.
இருபது நிமிஷத்தில் ஜன்னலுக்கு வெளியே
மஞ்சள் விளக்கு சுழல, முப்பத்தொன்று போனது.
அவருடைய லாரி.
கத்தியை ரொம்ப அழுத்தறான், என்றார்.
அழுத்தித்தான் இருந்தது; தார் ரோட்டில் பொறி பறந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே போனார்,
புதிதாக வாரிய பாதையில்,
நடுவில் குனிந்து ஏதோ பார்த்தபடி.

கடை மூடும்போது கோப்பை அங்கேயே இருந்தது.
குளிர் போய், வாயு போய், வளையம்கூடக் கரைந்து.
யாரும் பார்க்கவில்லை. குடித்தேன்.
அப்போதுதான் செர்ரி வந்தது,
கொட்டையோடு, லேசான விஷ வாசனையோடு.
அடுத்து தோல். அடுத்து
எரிந்த சர்க்கரையின் புகை.
இத்தனையும் அவருக்கு வந்திருக்காது.
எனக்கு வராததைத் தேடினேன்,
நாக்கின் ஓரங்களில், பல்லுக்குப் பின்னால்,
கடைசிச் சொட்டு வரை.
இருந்ததா, இருக்கிறது என்று தெரிந்ததால் இருந்ததா,
சொல்ல முடியவில்லை.

விளக்கை அணைக்கும் முன்
கரும்பலகையில் உப்பு என்று எழுதிவிட்டு வந்தேன்.
காலையில் போனால்
சிக்னே அழித்திருந்தாள்.