நாலு மாத்திரை

கெஜலட்சுமி எங்கள் குழுவுக்கு வந்தபோது
பாட்டுக்கு நூற்றைம்பது ரூபாய்.
எனக்கு, கீபோர்டும் சேர்த்து, ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு.
இதை ஏன் சொல்கிறேன் என்றால்
இப்போது நிலைமை அப்படி இல்லை.

பகலில் ஆற்காடு ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில்
பெயர் கூப்பிடுகிற வேலை அவளுக்கு.
அனிமா பிஸ்வாஸ்.
முகுல் மண்டல்.
கலவை கன்னியப்பன்.
வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு
பெஞ்சில் காத்திருப்பவர்களை எழுப்ப வேண்டும்.
"கத்திக் கூப்பிட்டா பயந்துடுவாங்கண்ணா.
மெதுவா கூப்பிட்டா கேக்காது.
பேரைச் சொல்லிட்டு சும்மா இருக்கணும்.
எழுந்து வர்ற வரைக்கும்
அந்தப் பேரு அங்கயே நிக்கணும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை.
பழைய பாட்டென்றால் எனக்கு ஒரே சட்டம்,
ரெக்கார்டில் எப்படியோ அப்படி.
புல்லாங்குழல் எங்கே நுழையும்,
இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அந்த ஒற்றை மணி
எங்கே விழும்.
விழாவிட்டால் முன்வரிசையில் பீடிக்கடை சம்பங்கி
என்னை முறைப்பார்.
எந்த ஊரில் கச்சேரி என்றாலும்
பேர்ணாம்பட்டிலிருந்து மொபெட்டில் வந்துவிடுகிற மனுஷன்.

ஒடுகத்தூர் திருவிழா, மூன்றாம் இரவு.
பஜ்ஜி எண்ணெய், ஜெனரேட்டர் புகை.
மேடைக்குக் கீழே பசங்கள் குத்துப்பாட்டு கேட்டு
சட்டையைச் சுழற்றுகிறார்கள்.
அவள் என் பக்கம் குனிந்தாள்.
"அண்ணா, அந்தத் தோட்டத்துப் பாட்டு.
முன்னாடி மியூசிக் வேணாம். சுதி மட்டும்.
நான் நிறுத்துற இடத்துல கையை எடுத்துடுங்க."

அறுபது வருஷத்துப் பாட்டு அது.
ஓர் ஆண், துள்ளல் நடையில்,
ஒரு பெண்ணைத் தோட்டத்துக்கு வா என்பான்.
எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில்
அதற்குத்தான் பாயசம் வரும்.

அவள் துள்ளலை எடுத்துவிட்டாள்.
சொல் ஒன்றைக்கூட மாற்றவில்லை,
மெட்டையும் தொடவில்லை.
"வா" என்றாள்.
நிறுத்தினாள்.

நாலு மாத்திரை.
ஆஸ்பத்திரி ஊர் எங்களுடையது,
மாத்திரை என்றால்
சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றுதான் கேட்போம்.
ரெக்கார்டில் அங்கே சிதார் ஓடும்.
என் விரல் பழக்கத்தில் இறங்கிவிட்டது.
தொடாமல் நின்றது.

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரைக் கிண்டல் பண்ணுவார்கள் இல்லையா,
அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.
சிதார் இல்லாத இடம்.

மறுபடி "வா".
மறுபடி நாலு.
பெண்கள் பக்கம், கடைசி வரிசையில்
ஒருத்தி எழுந்தாள்.
மடியில் தூங்கின பிள்ளையைத்
தோளுக்கு மாற்றிக்கொண்டு
இரண்டடி முன்னால் வந்தாள்.
எங்கே இருக்கிறோம் என்று அப்புறம்தான் தெரிந்திருக்கும்,
புடவையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தாள்.
யாரும் சிரிக்கவில்லை.
பசங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள்.

கச்சேரி முடிந்து வயர் சுற்றும்போது
சம்பங்கி வந்தார்.
"மணி அடிக்க மறந்துட்டியா?"
இல்லை என்றேன்.
யோசித்தார்.
"அப்பப்ப மற" என்று
மொபெட்டை உதைத்தார்.

இப்போது சித்தூரில் கேட்கிறார்கள், திருவண்ணாமலையில் கேட்கிறார்கள்.
சென்னையில் ஒரு கம்பெனி
பத்துப் பழைய பாட்டை அவள் குரலில் கேட்கிறது.
போஸ்டரில் குழுவின் பெயர்
அவள் காதணிக்குக் கீழே போய்விட்டது.
பாட்டைக் கெடுக்கிறாள் என்று
குடியாத்தத்தில் ஒருவர் நோட்டீஸே அடித்தார்.
அதை மடித்து
நான் ஆடும் ஸ்டாண்டுக்கு அண்டக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்கேன் சென்டர் வேலையை அவள் விடவில்லை.
போன புதன்கிழமை
எனக்கு இடுப்பில் கல்.
ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு பெஞ்சில் இருந்தேன்.
சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"தெய்வசிகாமணி."

ஒன்று.
இரண்டு.
இத்தனை வருஷமாக எல்லோரும் கத்தின பெயர்.
மூன்றில்
எழுந்துவிட்டேன்.